ஒன்பது வருடம் நின்ற கார்: கிளட்ச் விடவில்லை என்றால் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?

வாசகர் கேள்வி: அப்பாவின் 1968 மாடல் பெட்ரோல் கார் ஷெட்டில் ஒன்பது வருடம் நின்றுவிட்டது. புது பேட்டரி போட்டு, டேங்க்கைக் கழுவி, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து எஞ்சினை ஓடவிட்டோம். எஞ்சின் அருமையாக ஓடுகிறது. ஆனால் கிளட்சை முழுக்க மிதித்தாலும் கியர் விழ மறுக்கிறது, கரகரவென்று அரைக்கிறது. எஞ்சினை அணைத்தால் எல்லா கியரும் சுலபமாக விழுகிறது. முதல் நாள் பெடல் பழையபடி கனமாகத்தான் இருந்தது. மிதிக்க மிதிக்கச் சரியாகிவிடும் என்று நினைத்து ஓங்கி ஓங்கி மிதித்தேன். இப்போது பெடல் பாதி தூரம் ஃப்ரீயாகப் போகிறது. மெக்கானிக், கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் செட் முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார். நண்பர் ஒருவரோ, கியரில் போட்டு ஸ்டார்ட் செய்து பிரேக்கை ஓங்கி அழுத்தினால் ஒரே அடியில் விட்டுவிடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? ஹைட்ராலிக் கிளட்ச் (கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தில் வேலை செய்வது), பின்சக்கர டிரைவ்.

பதில்: இப்போதைக்கு இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். மெக்கானிக் சொல்வது கடைசியில் சரியாகவே இருக்கலாம். ஆனால் அது கடைசி வேலை, முதல் வேலை அல்ல.

உங்கள் கடிதத்தில் ஒரு கோளாறு அல்ல, இரண்டு இருக்கின்றன. முதலாவது ஒன்பது வருட ஓய்வில் வந்தது. இரண்டாவது, மன்னிக்க வேண்டும், உங்கள் காலால் வந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஸ்பேனரை எடுத்தால் தேவையில்லாததைக் கழற்றிக்கொண்டிருப்போம்.

முதல் நாள் பெடல் கனமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் நல்ல துப்பு. காலில் தெரியும் கனம், கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு (எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரம்) அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங்குடைய கனம். அது தெரிந்தது என்றால் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிக்கும்போது திரவத்தைத் தள்ளுவது), ஸ்லேவ் சிலிண்டர் (கியர்பாக்ஸ் பக்கம் அந்த அழுத்தத்தை வாங்குவது), ஃபோர்க் (ஸ்லேவ் தள்ளும் நெம்புகோல்), ரிலீஸ் பேரிங் (ஃபோர்க்கின் தள்ளலை பிரஷர் பிளேட்டுக்குக் கொடுப்பது) எல்லாம் அன்று வேலை செய்தன, பிரஷர் பிளேட்டும் பின்னால் நகர்ந்தது என்று அர்த்தம். ஆனாலும் கிளட்ச் விடவில்லை, அதாவது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிரிக்கவில்லை. எஞ்சின் நின்றால் கியர் விழுகிறது, ஓடினால் அரைக்கிறது. ஆக கியர்பாக்ஸ் பிழைத்தது. மாட்டிக்கொண்டிருப்பது ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் இருந்து கியர்பாக்ஸைச் சுற்றவைக்கும் கிளட்ச் பிளேட்.

ஃப்ளைவீலும் பிரஷர் பிளேட்டும் வார்ப்பிரும்பு. கிளட்ச் பிளேட்டின் லைனிங் (இரண்டு பக்கமும் இருக்கும் உராய்வுப் பட்டை) ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஸ்பிரிங்கின் முழு அழுத்தத்தில் இந்த மூன்றும் வருடக்கணக்கில் அசையாமல் இருந்தால், இரும்பில் கிளம்பும் துரு லைனிங்கின் நுண்ணிய துளைகளுக்குள் ஏறி அப்படியே பிடித்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும் என்பதில்லை. ஃப்ளைவீல் பக்கம் ஒட்டினாலும் சரி, பிரஷர் பிளேட் பக்கம் ஒட்டினாலும் சரி, இரண்டும் எஞ்சினோடு சேர்ந்து சுற்றுபவைதான். கிளட்ச் பிளேட்டும் கூடவே சுற்றும், கியர் அரைக்கும். பெரும்பாலும் இது மேலோட்டமான துரு. அதனால்தான் பொறுமைக்கு இது கட்டுப்படுகிறது.

அடுத்து, பெடல் ஏன் ஃப்ரீயாகப் போக ஆரம்பித்தது? மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல் எப்போதும் குறிப்பிட்ட ஒரு தூரம்தான் போய்வரும். அந்தத் தூரம் வழவழப்பாக இருக்கும். அதைத் தாண்டிய பகுதியில், ஈரம் குடித்த பழைய திரவம் தேங்கி, துருப்பிடித்துச் சொரசொரவென்று ஆகியிருக்கும். ஓங்கி மிதிக்கும்போது காய்ந்து இறுகிய சீல் அந்தச் சொரசொரப்பின் மேல் ஏறி இறங்குகிறது, அதன் மெல்லிய விளிம்பு கிழிகிறது. நீண்ட நாள் நின்ற வண்டியில் பெடலை முதல் தடவை மிதிக்கும்போது கையால் அழுத்துவது போல மெதுவாக, பாதி தூரம்தான் மிதிக்க வேண்டும். பிரேக் பெடலுக்கும் இதே கதைதான். ஆகவே பிரேக்கையும் முழுசாகப் பார்க்காமல் இந்தக் காரை ஒரு அடி கூட நகர்த்தாதீர்கள். கீழே சொல்லப்போகும் சில வழிகளில் உங்களைக் காப்பாற்றப்போவது பிரேக்தான்.

எனவே வேலையை ஹைட்ராலிக்கிலிருந்து ஆரம்பியுங்கள். அதைச் சரிசெய்யாமல் ஒட்டிய பிளேட்டோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. பெடல் முழுசாக மிதிபட்டு நிற்கும்போது பிரஷர் பிளேட் விலகும் தூரமே ஏறத்தாழ ஒன்று, ஒன்றரை மி.மீ. தான். குழாயில் கொஞ்சம் காற்று இருந்தாலும் அந்தத் தூரம் காணாமல் போய்விடும்.

டப்பாவில் திரவத்தின் மட்டம் குறைந்திருக்கிறதா பாருங்கள். குறைந்திருந்தால் எங்கே போனது என்று முதலில் தேட இரண்டு இடம். பெடலுக்கு மேலே மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுகம்பி உள்ளே வரும் இடத்தைத் தடவிப் பாருங்கள். காருக்கு அடியில் போய் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் மூடியைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். எங்கே ஈரமோ அங்கே சீல் போய்விட்டது. எங்கும் ஈரமில்லை, மட்டமும் குறையவில்லை, ஆனாலும் பெடல் ஃப்ரீயாகப் போகிறது என்றால், மாஸ்டருக்குள்ளேயே திரவம் சீலைத் தாண்டித் திரும்பி வருகிறது, அல்லது காற்று புகுந்திருக்கிறது. உங்கள் விஷயத்தில் நான் சந்தேகப்படுவது மாஸ்டரைத்தான். இருந்தாலும் மாஸ்டருக்கு ஆன வயது ஸ்லேவுக்கும் ஆகிவிட்டது. இரண்டுக்கும் சேர்த்து சீல் கிட் மாற்றுங்கள், நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸையும் மாற்றுங்கள். பழைய ஹோஸ் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். உள்ளே ஊதி அடைத்துக்கொண்டு ஒருவழிக் கதவு போல வேலை செய்யும். மிதித்த அழுத்தம் போகும், திரும்ப வராது. பிறகு கிளட்ச் ஓட்டத்தில் வழுக்க ஆரம்பித்ததும், சரியாக இருக்கும் பிளேட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

சிலிண்டரைக் கழற்றியதும் உள்ளே விரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள். கறை மட்டும் இருந்தால் துடைத்தால் போகும். நகம் மாட்டுகிற அளவு குழி இருந்தால் புது சீல் சில வாரம் கூடத் தாங்காது. சிலிண்டரை மாற்றுங்கள், அல்லது புது ஸ்லீவ் (உள் உறை) போட்டுத் தரும் பட்டறையில் கொடுங்கள். அரிய மாடல் என்றால் ஸ்லீவ்தான் வழி. கழுவுவதற்குச் சுத்தமான பிரேக் திரவம் அல்லது ஆல்கஹால் மட்டும். பெட்ரோல், டீசல், எஞ்சின் ஆயில் எதுவும் அந்த ரப்பர்மேல் படக்கூடாது. பட்டால் ஊதிப் பாழாகும்.

என்ன திரவம் ஊற்றுவது என்பதில் அவசரப்பட வேண்டாம். கையேடு என்ன சொல்கிறதோ அதுதான். பிரேக் திரவ வகைகளில் டாட் (DOT) 3, டாட் 4 இரண்டும் கிளைகால் வகை, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். டாட் 5 சிலிக்கோன் வகை. இதை மற்றவற்றோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 என்ற பெயரைப் பார்த்து அதுவும் சிலிக்கோன் என்று நினைத்துவிடாதீர்கள், அது கிளைகால்தான். சிட்ரோயன் மாதிரி சில கார்களில் பச்சை நிற மினரல் ஆயில் ஓடும். அதில் சாதாரண பிரேக் திரவத்தை ஊற்றினால் சீல்கள் மொத்தமும் போய்விடும். கிளைகால் திரவம் பெயிண்டை அரிக்கும். சிந்தினால் துடைத்தால் போதாது, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பிறகு ஏர் எடுக்க, அதாவது குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். பழைய கார்களின் கிளட்ச் குழாய் பல இடங்களில் ஏறி இறங்கிப் போகும். மேலிருந்து மிதித்து மிதித்து எடுத்தால் காற்றுக்குமிழி மேடான இடத்தில் உட்கார்ந்துகொண்டு வரவே வராது. ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளில் (காற்றை வெளியேற்றும் சின்னத் திருகு) ஒரு டியூபை மாட்டி, பெரிய சிரிஞ்சால் கீழிருந்து மேலே மெதுவாகத் திரவத்தைத் தள்ளுங்கள். காற்றுக்கு மேலே போகத்தான் பிடிக்கும். அதன் வழியிலேயே விட்டுவிடுவது நல்லது. டப்பா நிரம்பி வழியாமல் ஒருவர் மேலே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் முடிந்ததும் ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போங்கள். எஞ்சின் அணைந்திருக்கட்டும். ஒருவர் பெடலை முழுக்க மிதிக்க, ஸ்லேவ் சிலிண்டரின் தள்ளுகம்பி எவ்வளவு நகர்கிறது என்று அளந்து பாருங்கள். சரியான அளவு கையேட்டில் இருக்கும். பல பழைய கார்களில் அது 12 மி.மீ. சுற்றுவட்டாரத்தில் வரும். அதில் பாதிதான் வருகிறது என்றால் இன்னும் காற்று இருக்கிறது, அல்லது பெடல் முனையிலும் ஃபோர்க்கிலும் இருக்கும் ஊசிகள் தேய்ந்து அங்கேயே தூரம் வீணாகிறது. பெடலை மாஸ்டரோடு சேர்க்கும் சின்ன ஊசியின் துளை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருப்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. அங்கே தேய்வது இரண்டு மி.மீ. என்றால் அதன் பலனை ஃபோர்க் முனையில் பார்க்கலாம். இந்த அளவை எடுக்காமல் கியர்பாக்ஸை இறக்கச் சொல்பவரிடம், முதலில் அளந்தாரா என்று மட்டும் கேளுங்கள். (வோக்ஸ்வாகன் பீட்டில் போலக் கேபிள் கிளட்ச் உள்ள காராக இருந்தால் இந்த ஹைட்ராலிக் பாடு எதுவும் இல்லை. கேபிளின் ஆட்டத்தையும் அது துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்பதையும் பார்த்தால் போதும்.)

கம்பி சரியாக நகர்ந்தும் கிளட்ச் விடவில்லை என்றால், பிளேட் ஒட்டியிருக்கிறதா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். சமதரையில், எஞ்சின் அணைந்த நிலையில், முதல் கியரில் போட்டு, ஒருவர் கிளட்சை மிதித்துக்கொண்டிருக்க இருவர் தள்ளிப் பாருங்கள். கார் அசையவே மறுத்தால், அல்லது எஞ்சினையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு திணறித் திணறி நகர்ந்தால் பிளேட் ஒட்டியிருக்கிறது. கொஞ்சம் கனத்தோடு ஆனால் தங்குதடையின்றி உருண்டால் பிளேட் விட்டுவிட்டது. அப்போது கோளாறு வேறு. கியர்பாக்ஸ் ஷாஃப்டின் மூக்கு உட்காரும் பைலட் பேரிங் இறுகியிருக்கலாம், அல்லது ஸ்ப்லைனில் (பிளேட் வழுக்கி நகரும் ஷாஃப்டின் பள்ளங்கள்) துரு ஏறிப் பிளேட் வழுக்கிப் பின்வாங்க மறுக்கலாம். ஸ்ப்லைன் துரு ஓட ஓடச் சில சமயம் தானாகவே சரியாகும். இறுகிய பைலட் பேரிங் சரியாகாது.

பிளேட்தான் ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மருந்து சூடு. காரை ஷெட்டிலிருந்து வெளியே திறந்தவெளிக்குக் கையால் தள்ளிக் கொண்டுவாருங்கள். மூடிய இடத்தில் எஞ்சினை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து. நியூட்ரலில் அரைமணி நேரம் ஓடட்டும். ஃப்ளைவீல் வரை சூடு ஏற அவ்வளவு நேரம் வேண்டும். அணைத்த உடனே கிளட்சை மிதித்து, பெடலுக்கும் சீட்டின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் ஒரு கட்டையைக் கொடுத்து இறுக்கிவிட்டுப் போய் வேறு வேலையைப் பாருங்கள். இரவு முழுக்க அப்படியே இருக்கட்டும். மிதிபட்ட நிலையில் பிளேட்டைப் பிடித்திருப்பது துரு மட்டும்தான். சூடாகி ஆறும்போது இரும்பும் லைனிங்கும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. அந்த வித்தியாசம் வேலை செய்யும். சில கார்களில் யாரும் தொடாமலேயே டக்கென்று ஒரு சத்தத்தோடு விடும். மூன்று நான்கு நாள் இதையே திரும்பச் செய்யலாம். பலர் இந்த வழியை ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு, பலிக்கவில்லை என்று தாவிவிடுகிறார்கள். என் கணக்கில் இதுதான் மிகவும் குறைத்து மதிப்பிடப்படும் வழி.

சூட்டோடு சூடாகச் செய்யக்கூடிய இன்னொன்று, ஆட்டுவது. டாப் கியரில் போட்டு, கட்டை பெடலில் இருக்க, காரை முன்னும் பின்னும் குலுக்கித் தள்ளுங்கள். முதல் கியர் அல்ல, டாப் கியர். சக்கரத்தில் கொடுக்கும் தள்ளு கிளட்ச் பிளேட்டுக்கு அதிகமாகப் போய்ச் சேருவது டாப் கியரில்தான்.

அதற்கும் மசியவில்லையா? உங்கள் நண்பர் சொன்ன வழியின் சாதுவான வடிவம் ஒன்று இருக்கிறது. இக்னிஷன் காயிலுக்கு வரும் மெல்லிய வயரைக் கழற்றிவிடுங்கள், தீப்பொறி இருக்கக் கூடாது. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை முழுக்க இழுத்து, டாப் கியரில் போடுங்கள். ஒரு கால் கிளட்சில், இன்னொரு கால் பிரேக்கில், இரண்டும் முழுக்க. இப்போது ஸ்டார்ட்டரை இரண்டு நொடி மட்டும் கொடுங்கள். மோட்டார் முக்கி முனகி நின்றால் பிளேட் இன்னும் பிடித்திருக்கிறது. விட்டுவிட்டால் ஸ்டார்ட்டர் திடீரென்று லேசாகிக் கடகடவென்று எஞ்சினைச் சுற்றும். அந்த மாற்றம் காதுக்கே தெரியும். முனகும்போது அழுத்திக்கொண்டே இருந்தால் வயர் சூடாகும், ஃப்ளைவீல் பல்சக்கரம் அடிவாங்கும். இரண்டு மூன்று முயற்சி, நடுவில் நல்ல இடைவெளி, அதற்கு மேல் வேண்டாம். காருக்கு முன்னாலும் பின்னாலும் ஆள் நிற்கக் கூடாது.

ஓடும் எஞ்சினோடு செய்வது கடைசிக்கு முந்தைய வழி. பிரேக் நம்பகமானது என்று உறுதியானபின், ஆளில்லாத அகலமான சமதரையில், எஞ்சின் சூடாக இருக்கும்போது, இரண்டாவது கியரில் போட்டு கிளட்சை மிதித்தபடி ஸ்டார்ட் செய்தால் கார் துள்ளிக் கிளம்பும். 20, 25 கி.மீ. வேகத்தில் கிளட்ச் மிதித்த காலை எடுக்காமல் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று கொடுத்துச் சட்டென்று விடுங்கள். எஞ்சின் இழுப்பதும் பிடிப்பதுமாக மாறி மாறிப் பிளேட்டை உலுக்கும். நிறுத்துவதற்கு சாவியை அணைத்துவிட்டுப் பிரேக். பெரும்பாலான பிளேட்டுகள் இதில் விட்டுவிடும்.

நண்பர் சொல்வது போல ஓடும்போதே பிரேக்கை ஓங்கி அடிப்பதை மட்டும் செய்யாதீர்கள். அந்த அதிர்ச்சி கிளட்ச் பிளேட்டோடு நிற்காது. கியர் பற்கள், பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் (மூட்டு), ஆக்சில் ஷாஃப்ட் வரை எல்லாவற்றிலும் இறங்கும். விட வேண்டிய துரு விடாமல், லைனிங் ரிவெட்டோடு பிய்ந்துகொண்டு வரும் ஆபத்தும் உண்டு. பின்சக்கரங்களை ஜாக்கில் தூக்கி வைத்துக்கொண்டு இதைச் செய்யும் சிலர் இருக்கிறார்கள். கார் ஜாக்கிலிருந்து குதித்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இன்னொன்றும் கூடாது. கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் சின்னத் திறப்பு வழியாகத் துரு நீக்கும் ஸ்பிரேயை அடிக்கச் சொல்வார்கள். துரு போகுமோ இல்லையோ, லைனிங் எண்ணெய் குடித்துவிடும். எண்ணெய் குடித்த லைனிங் வழுக்கும், அப்போது எப்படியும் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டியிருக்கும்.

விட்டுவிட்டது என்றால் உடனே நெடுஞ்சாலைக்குப் போக வேண்டாம். எஞ்சினை அணைத்து, பெடலை நிதானமாகச் சில தடவை மிதித்து விடுங்கள். பிறகு பத்துப் பதினைந்து தடவை கொஞ்சம் ஹாஃப் கிளட்ச்சில் வைத்து மெதுவாகக் கிளப்புங்கள். ஃப்ளைவீல், பிரஷர் பிளேட் முகத்தில் இருக்கும் துருவை லைனிங்கே தேய்த்து எடுத்துவிடும். கருகிய வாசனை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். ஆரம்பத்தில் கிளம்பும்போது கார் நடுங்கும். துருத் தடம் போகப் போக அது குறைய வேண்டும். குறையாமல் நின்றால் ஃப்ளைவீலில் ஆழமான குழி இருக்கிறது. பிறகு நல்ல சாலையில் டாப் கியரில் 50 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்கக் கொடுத்துப் பாருங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. பெடலை மிதிக்கும்போது மட்டும் வரும் இரைச்சல் ரிலீஸ் பேரிங்குடையது. நியூட்ரலில் பெடலை விட்டால் வந்து, மிதித்தால் மறையும் இரைச்சல் கியர்பாக்ஸின் முன் பேரிங்.

இத்தனைக்கும் விடவில்லை என்றால், உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. அப்போது தயங்காமல் இறக்குங்கள். இறக்கியபின் கஞ்சத்தனம் வேண்டாம். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், எஞ்சின் பின்பக்க ஆயில் சீல் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். எம்ஜிபி போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களில் ரிலீஸ் பேரிங் என்பது உருளும் பேரிங் அல்ல, ஒரு கரி வளையம். அதன் தடிமன் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பைலட் பேரிங் வெண்கலப் புஷ்ஷாக இருந்தால் மாட்டுவதற்கு முந்தைய நாளே எஞ்சின் ஆயிலில் ஊறப்போடுங்கள். ஃப்ளைவீல் முகத்தில் குழியோ நீலத் திட்டோ இருந்தால் லேத்தில் மெல்லியதாகச் சீவ வேண்டும்.

ஆனால் பெல் ஹவுசிங் திறந்ததும் காம்ப்ரெஸர் காற்றால் அந்தத் தூசியை ஊதாதீர்கள். 1968 காரின் பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். நுண்தூசியைத் தடுக்கும் நல்ல மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். மூக்கில் கர்ச்சீப் கட்டுவது போதாது.

திரும்ப மாட்டும்போது புது பிரஷர் பிளேட்டின் முகத்தில் இருக்கும் பாதுகாப்பு எண்ணெயைத் துடையுங்கள். பிளேட்டை நடுவில் நிறுத்தும் கருவி இல்லாமல் போல்ட்டை முடுக்காதீர்கள். முடுக்குவதும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக. ஸ்ப்லைனில் கிரீஸ் தடவித் துடைத்து எடுத்தபின் மிஞ்சுவதே போதும். கூடுதலாக இருந்தால் சுற்றும்போது லைனிங்கில் தெறிக்கும். கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் கனம் ஒரு நிமிடம் கூட ஷாஃப்டில் தொங்கக் கூடாது. தொங்கினால் புதுப் பிளேட்டின் நடு வளைந்து, முதல் நாளே கிளட்ச் விடாத காரோடு நிற்பீர்கள்.

ஒரு விஷயம் நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கப்போகிறீர்கள்: மறுபடி நிறுத்தி வைத்தால்? மாதம் ஒருமுறை எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை வெளியே ஓட்டிவிட்டு வந்தால் எதுவும் ஒட்டாது. முடியாத மாதங்களில் பெடலைக் கட்டையால் அழுத்தி வைக்கலாம். ஆனால் ஹைட்ராலிக் கிளட்ச்சில் சீல் மெதுவாக அழுத்தத்தை இழந்துவிட்டால் கட்டை இருந்தும் பயனில்லை. அதனால் அதை நம்பி வருடக்கணக்கில் விடாதீர்கள். திரவத்தை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இப்போதைக்கு மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். தள்ளுகம்பி எத்தனை மி.மீ. நகர்கிறது என்ற கணக்கு கையில் வரும்வரை கியர்பாக்ஸ் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.